தாலின் மேட்டின் கருஞ்சுவர்

1994 ஓகஸ்ட் 31ஆம் திகதி ரஷ்யப் படைகள் எஸ்தோனியாவை விட்டு நீங்கின. மறு ஆண்டு நாம் தனியே தலைநகர் தாலினுக்குச் சென்றபோது, கடலை நோக்கிய மார்யமாகி மேட்டில், சோவியத் ஆட்சி தன் கடற்படையின் புகழுக்கு எழுப்பிய தூபியைக் கண்டோம். 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் சரக்கு ரயில்களில் சைபீரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 20,000இற்கும் அதிகமானோரைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவருமாவர்.

2019இல் மீண்டும் அம்மேட்டில் ஏறினோம். தூபி அப்போதும் நின்றது. அதனை இடியாது விட்டதை நாம் தவறென்று கருதவில்லை. அதன் அருகே, முந்திய ஆண்டு ஓகஸ்ட் 23இல் திறக்கப்பட்ட நினைவகம். 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் அப்பிரதேசத்தைப் பங்கிட்ட நாளும் ஓகஸ்ட் 23தான். அதன் கருஞ்சுவர்களில், வீடு திரும்பாது மாண்ட 22,000இற்கும் மேற்பட்டோரின் பெயர்கள். அவர்களுட் பலருக்குக் கல்லறை இல்லை, பெயராவது கிடைத்திருக்கிறது. சுவர்களைக் கடந்தால் அப்பிள் மரத் தோட்டம்.

1944இல் தாயுடன் படகேறிச் சுவீடனை அடைந்த ஒரு மூதாட்டி, 1941இல் பிடித்துச் செல்லப்பட்ட தம் தந்தையின் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எமது ஊரை வினவினார், கூறினோம்.

"உங்கள் ஊரில் பெயர்களை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்றார்.