93 புயலும் எங்கள் தெருவும்



எங்கள் தெருவில் பிறந்த தேதியை யாரும் எழுதி வைத்ததில்லை. கேட்டால் புயலைச் சொல்வார்கள். ஆயா வயசுக்கு வந்தது 1952 புயல் வருஷம். அப்பா, அம்மா கல்யாணம் 77 புயலுக்கு அடுத்த தை. வட இந்தியப் பெருங்கடலில் புயலுக்குப் பெயர் சூட்டத் தொடங்கியதே 2004இல்தான். அதனால் எங்களுக்குப் புயல் என்றால் ஒரு வருஷம். 1977 நவம்பர் 12இல் நாகையைத் தாக்கிய புயலைக் கதையாகக் கேட்டு வளர்ந்தோம். கண்ணால் கண்டது, 1993 டிசம்பர் 4இல் காரைக்கால் அருகே கரையைக் கடந்த புயல். தஞ்சையிலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்து அப்போது இரண்டு வருஷம்.

மேட்டில் ஊர், வாய்க்கால் தாண்டிப் பள்ளத்தில் நாங்கள். வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968இல். மூன்றாண்டு கழித்து வந்த குடியிருப்புச் சட்டம், மிராசு நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு மனையைச் சொந்தமாக்கியது. பெரிய வெற்றிதான். ஆனால் சொந்தமானது நாங்கள் நின்றிருந்த அதே பள்ளம்.

அன்று சனிக்கிழமை. முதல் நாள் ராத்திரியே கூரைமேல் கயிறு போட்டு முளையடித்துக் கட்டியிருந்தார்கள். காலையில் வடக்கேயிருந்து வீசிய காற்று கீற்றை ஒவ்வொன்றாக உருவியது. பிறகு மழையில் ஊறிய மண்சுவர் உட்கார்ந்தது. பெரியவர்கள் எங்களை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் சத்துணவுக்கூடம் இருந்தது, நாங்கள் தினமும் சாப்பிட்ட இடம். பூட்டியிருந்தது. சாவி கேட்கப் போனவர்கள், "காத்து அடங்கட்டும், பாக்கலாம்" என்ற பதிலோடு திரும்பினார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

திடீரென்று காற்று நின்றது. கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது. முடிந்துவிட்டதென்று ஓடப் பார்த்தோம். ஆயா விடவில்லை. "இனிமேதான் தெக்கத்திக் காத்து வரும். அதுதான் ஆளக் கொல்லும்" என்றார். புயலின் கண் என்று நாங்கள் பின்னாளில் புவியியல் பாடத்தில் படித்ததை ஆயா இரண்டு புயலில் கற்றிருந்தார். அந்த இடைவெளியில் மாமா ஒருவர் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். தெற்கிலிருந்து காற்று திரும்பி அடித்தபோது நாங்கள் உள்ளே, அணைந்த அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தோம்.

விசாரணை ஒன்று நடந்தது, உடைந்த பூட்டைப் பற்றி. குடிசை இழந்த தெருவே வீட்டுக்கு இவ்வளவென்று காசு போட்டுப் புதுப்பூட்டு வாங்கிக் கொடுத்தது.

விழுந்த குடிசைக்குக் கொஞ்சம் நிவாரணம் வந்தது, மறுக்கவில்லை. பயிர்க் கணக்குதான் வேறு. அப்போது சம்பா கதிர் வாங்கும் பருவம். சாய்ந்த பயிருக்குச் சிட்டா, அடங்கல் வைத்திருந்தவர் பெயரில் பணம் எழுதினார்கள். அதை நட்டுக் களை பறித்தவர்கள் எங்கள் அம்மாக்கள். தையில் அறுத்துக் களத்தில் கூலி நெல் அளந்து வாங்கியிருக்க வேண்டியவர்கள். எங்கள் வீடுகளில் பானை நிறைய நெல் இருப்பது அந்த ஒரு பருவத்தில்தான். அந்த வருஷப் பொங்கலுக்குக் கடை அரிசி, அதுவும் கடனில். வராமல் போன கூலியை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. சமூகவியல் முதுகலையில் பேரிடர் பற்றி நிறையப் படித்தோம். அங்கேயும் இந்தக் கூலி நெல்லைத் தேடினோம், அகப்படவில்லை.

2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் விழுந்த தென்னைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று உரியவருக்குப் பணம். தேங்காய் உரித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தவர்களின் தெருக்களுக்கு நாங்கள் நோட்டுப் புத்தகத்தோடு போனோம். ஓர் அக்கா கேட்டார்: "எனக்கு எத்தன மரம்னு எழுதுவீங்க தம்பி?"

மரம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, வேலை போன நாள், உரிக்காத காய், முடையாத கீற்று என்று மூன்று கட்டம் போட்டு எழுதினோம். அந்த நோட்டுகள் நம் மன்றத்தில் இருக்கின்றன. ஆய்வு செய்யும் மாணவர்கள் வந்து பார்க்கலாம்.