தோட்டக் கூலியும் தமிழகக் கிராமமும்

உழைப்புக்குத் தட்டுப்பாடு ஏற்படுமிடத்துக் கூலி உயரும் என்பதும், உற்பத்தித்திறன் பெருகுமிடத்துத் தொழிலாளியின் வருவாயும் பெருகும் என்பதும் பொருளியலில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்துக்களாகும். இலங்கை மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாறு இவ்விரு கருத்துக்களையும் மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலைச் செய்கையைத் தொடக்கினார். 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கரில் நின்ற தேயிலை, கோப்பி நோயால் அழிந்தபின் விரைந்து பரவி, 1900 அளவில் மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்தது. சிங்களக் குடியானவர் தம் வயல்களை விட்டுத் தோட்டங்களில் நிலையாக வேலைசெய்ய முன்வரவில்லை. எனவே கூலி உயர்ந்திருத்தல் வேண்டும். ஆயினும் அது பெரிதும் உயரவில்லை. காரணம் யாது?

இதற்கான விளக்கத்தை 1978இல் வெளியான நூலொன்றில் ஆர்தர் லூயிஸ் தருகின்றார். குடிபெயர்வோரின் கூலியைத் தீர்மானிப்பது அவர்கள் சென்றடையும் நாட்டின் ஏற்றுமதிப் பயிரன்று. அவர்கள் விட்டுவந்த கிராமத்தின் உணவு உற்பத்தியே. 1900 அளவில் ஆங்கிலேய உழவன் ஏக்கருக்கு 1,600 இறாத்தல் கோதுமை விளைவித்தான். வெப்பமண்டல உழவன் பெற்ற தானியமோ 700 இறாத்தலே. ஆதலின் ஐரோப்பியரை அவுஸ்திரேலியாவுக்கு ஈர்க்க உயர்ந்த கூலி தேவைப்பட்டது. 1876–78 பஞ்சத்தால் நலிந்த தமிழக மாவட்டங்களிலிருந்து ஆட்களைப் பெறவோ, கிராமக் கூலியினும் சிறிது கூடுதலான தொகையே போதுமாயிருந்தது.

எனினும் வறுமை மட்டும் இதனைச் சாதிக்கவில்லை. கங்காணியின் முற்பணம் தொழிலாளியைக் கடனாளியாக்கியது. கடனைக் குறித்த 'துண்டு' இன்றி அவன் வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலவில்லை. இம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும், தாழ்நிலத்தில் முறையே 50, 40 சதமும் ஆகும். அத்துடன் அரிசியும் நிர்ணயிக்கப்பட்ட விலைக்கு வழங்கப்பட்டது. கூலியின் அளவுகோல் தேயிலையின் பயனன்று, வயிற்றுக்கு வேண்டிய அரிசியே என்பதை இவ்வேற்பாடே உணர்த்தும்.

1939இல் இந்திய அரசு இலங்கைக்கான தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. புதிய ஆட்களின் வருகை நின்றமையால் தொழிலாளரின் பேரம்பேசும் வலிமை கூடியிருத்தல் வேண்டும். ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. காணியும் அரச தொழிலும் எட்டாதுபோகவே, தோட்டமே அவர்களின் ஒரே புகலிடமாயிற்று. அக்குறை முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆண், பெண் கூலிச் சமத்துவமும் 1984இலேயே கிட்டியது.

உற்பத்தித்திறன் பெருகினாற் கூலியும் பெருகும் என்ற வாதம் தோட்டக் கூலிப் பேச்சுக்களில் இன்றும் ஒலிக்கின்றது. அப்பெருக்கம் தொழிலாளியைச் சென்றடைய, அவன் வேண்டாமென்று விலகிச் செல்லத்தக்க மாற்றுவழி ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே மலையக வரலாறு புகட்டும் பாடமாகும்.