காராபுரத்துக் கூடாரங்கள்

வனத்தில் கூடாரமடித்து விலங்குகளைக் காணும் இன்பம் நம் காலத்துப் புதுமையன்று. மைசூர் மன்னர்க்குரிய காக்கனகோட்டைக் காட்டை அடுத்து, கபினியாற்றங்கரைக் காராபுரத்தில் அரச விருந்தினர்க்கெனக் கூடார நகரமே எழுந்ததுண்டு. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1906-இல் அங்கே தங்கி, 'கெட்டா' எனப்படும் யானை பிடித்தலைக் கண்டார்.

விருந்தினர் கண்டதென்னவோ சில நாழிகைக் காட்சிதான். காடெங்கும் பரந்து நின்று, பறையும் நெருப்பும் கொண்டு யானைக் கூட்டத்தை நாட்கணக்கில் வளைத்து, ஆற்றில் இறக்கி, மரவேலி அடைப்புக்குள் புகுத்தியவர் குறும்பர் முதலான காட்டு மக்கள். மதயானையின் முன் நின்றவரும் அவரே. வரலாற்றில் நாம் படிப்பதோ விருந்தினர் பெயர்களை!

1971-ஆம் ஆண்டோடு கெட்டா நின்றது. 1974-இல் முடிந்த அணையின் நீர் ஆற்றங்கரைக் காடுகளை மூடியது. காடு தேசியப் பூங்காவாயிற்று; குறும்பர் குடிகள் பல வெளியேற்றப்பட்டன. மன்னரின் வேட்டை மாளிகையில் இன்று பயணிகள் தங்குகின்றனர். அருகே கூடாரங்களும் உள்ளன.