விரலுக்கு என்ன ஈடு?

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே ஆவடிக்குச் செல்லும் மின்சார இரயிலில், ஷிப்ட் முடியும் நேரத்தில் பட்டரவாக்கத்திலோ அம்பத்தூரிலோ ஏறுவோரின் கைகளைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கம்பியைப் பற்றி நிற்கும் கைகளுள் சிலவற்றில் ஆள்காட்டி விரலின் நுனி இராது. சிலவற்றில் நடுவிரலே இராது. அவை போரில் இழந்த விரல்கள் அல்ல. தகடு வெட்டும் இயந்திரத்தில், சோறு தேடும் முயற்சியில் இழந்தவை. இவ்விரல்களுக்கு ஈடு என்ன? அதைத் தரவேண்டியவர் யார்? எந்த நியாயத்தின்பேரில் தரவேண்டும்? இவ்வினாக்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் மார்க்கச் சட்ட அறிஞர்களுக்கும் ஓர் ஏடு உண்டு.

இப்பகுதி என்றும் ஆலைகளின் ஊராக இருந்ததில்லை. பூந்தமல்லி பழைய ஊர். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில் எழுந்த பள்ளிவாசல் அங்கே உண்டு. அம்பத்தூரோ ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர். 1949-இல் அங்கே சைக்கிள் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பெற்றது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாநாடு, சமதர்மப் பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு எனத் தீர்மானித்தது. அதே ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்குத் துணைப் பொருள்கள் செய்து தரவென 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. லேத்தும் பிரஸ்ஸும் வைத்த சிறு பட்டறைகள் பலவாகப் பெருகின. தென்மாவட்டத்து இளைஞர்கள் வந்தார்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

இப்பட்டறைகளில் விரல் எவ்வாறு போகிறது? பவர் பிரஸ் என்னும் இயந்திரத்தில் கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. இடையில் தகட்டை வைத்துக் கால்மிதியை அழுத்தினால் மேலச்சு பெரும் பளுவோடு இறங்கித் தகட்டை வெட்டும், அல்லது வளைக்கும். கையைத் தடுக்கும் கம்பிக் கவசம் இருக்க வேண்டும்; அல்லது இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினாலன்றி இயந்திரம் இயங்காத அமைப்பு இருக்க வேண்டும். ஆயினும், எண்ணிக்கை கூட வேண்டும் என்ற அவசரத்தில் கவசம் கழற்றப்படுகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை உள்ளே சென்று மீளும் கை, ஒரே ஒரு முறை ஒரு நொடி பிந்துகிறது. அந்த ஒரு நொடியின் சுமை எவர் தலைமேல் விழவேண்டும் என்பதே சட்டத்தின் வினா.

பழைய ஆங்கிலச் சட்டம் அதைத் தொழிலாளியின் தலைமேலேயே சுமத்தியது. 1837-இல் பிரீஸ்ட்லி என்னும் கசாப்புக் கடைப் பணியாள், பளு மிகுந்த வண்டி முறிந்து தொடையெலும்பு ஒடிந்து முதலாளிமேல் வழக்குத் தொடுத்தான். மேல்முறையீட்டில் அவனுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. அவ்வழக்கின் வழியே வளர்ந்த கொள்கை மூன்று தடைகளை எழுப்பியது. சக தொழிலாளியின் பிழைக்கு முதலாளி பொறுப்பல்லர். ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவன் முறையிடலாகாது. தன் பிழையும் சிறிது கலந்திருந்தால் ஒன்றும் பெறலாகாது. இந்தியாவில் 1855-இல் வந்த உயிரிழப்பு விபத்துச் சட்டம், மரணம் நேர்ந்தால் மட்டும், அதுவும் பிறர் குற்றத்தை மெய்ப்பித்தால் மட்டும், குடும்பத்தார் வழக்காட வழிசெய்தது. விரலிழந்தவனுக்கு அதில் இடமில்லை.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-இல் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. குற்றம் யாருடையது என்ற ஆராய்ச்சியை விடுத்து, முதலாளிகள் கூட்டாகச் செலுத்தும் நிதியிலிருந்து ஈடு வழங்கலாயிற்று. 1897-இல் பிரிட்டனும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 1923-இல் நிறைவேறி 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்றால் போதும். முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மரணத்துக்கு 30 மாத ஊதியம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. ஆயுள் முழுதும் உழைக்க இயலாத ஊனத்துக்கு 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், அதிலும் எது குறைவோ அது. உறுப்புகளுக்கு ஓர் அட்டவணை வகுத்தார்கள். கட்டைவிரல் போனால் உழைப்புத் திறனில் நூற்றுக்கு 25 பங்கு போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு 10. ஏனைய விரல் ஒவ்வொன்றுக்கும் 5. பிற்காலத் திருத்தத்தில் இவை உயர்ந்து, கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டுவிரலும் 7 என்றாயின.

இந்த அட்டவணையைப் படிக்கும்போது நம் நினைவு பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்கிறது. ஹழரத் உமர் (ரலி) அவர்கள் விரல்களுக்கான ஈட்டை முதலில் அவற்றின் பயன் கருதி வேறுபடுத்தியதாக ஓர் அறிவிப்பு உண்டு. கட்டைவிரலுக்கு 15 ஒட்டகம், அடுத்த இரண்டுக்கும் பத்துப் பத்து, மோதிர விரலுக்கு 9, சுண்டுவிரலுக்கு 6. கூட்டினால் 50; அதாவது ஒரு கையின் ஈடு. பின்னர், அம்ரு இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடம் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மடலில் ஒவ்வொரு விரலுக்கும் பத்து ஒட்டகம் என்று கண்டபோது, உமர் (ரலி) தம் கணக்கைக் கைவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஈட்டில் சமமே என்ற நபிமொழியை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

1923-இன் சட்டமியற்றியோர் சென்ற வழி, உமர் (ரலி) அவர்கள் முதலில் எண்ணிய வழிக்கு ஒப்பானது: விரல் எவ்வளவு சம்பாதிக்கும் என்பதே அளவுகோல். நபிவழி காட்டியது வேறோர் அளவுகோல்: விரல் மனிதனுடையது என்பது. இயந்திரத்தோடு போட்டியிடும் உலகில் முதற்கணக்கு தவிர்க்க இயலாததாகலாம். எனினும், சுண்டுவிரல்தானே போயிற்று என்று அலட்சியமாகச் சொல்லும் வாய்க்கு இரண்டாம் கணக்கே தக்க மறுமொழியாகும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். கிணற்றிலும் சுரங்கத்திலும் நேரும் சேதத்துக்கு ஈடில்லை என்ற நபிமொழியும் உண்டல்லவா? உண்டு. கிணறு தோண்ட அமர்த்தப்பட்டவன் மண் சரிந்து இறந்தால் அமர்த்தியவர் பொறுப்பல்லர் என்று சட்ட அறிஞர்கள் அதனை விளக்கினார்கள்; ஆயினும் வரம்பு மீறலும் அலட்சியமும் இல்லாதவிடத்தே அது பொருந்தும் என்றும் வரையறுத்தார்கள். கவசத்தைக் கழற்றிவிட்டு உற்பத்தியைக் கூட்டச் சொன்னவர் அந்த நிழலில் ஒதுங்க இயலாது. மேலும், உதுமானியப் பேரரசில் 1869-க்கும் 1876-க்கும் இடையே தொகுக்கப்பெற்ற மஜல்லா என்னும் சட்டநூலில், ஆதாயம் எவருக்கோ சுமையும் அவருக்கே என்னும் விதி 87ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. 1897-இல் பிரிட்டன் வந்தடைந்த நியாயமும் சாராம்சத்தில் இதுவே.

விபத்து மட்டுமன்று, நோயும் தொழிலின் விளைவே. மோடனா நகரத்து மருத்துவர் இரமாத்சீனி 1700-இலேயே தொழில்தோறும் வரும் நோய்களை ஆராய்ந்து நூல் எழுதினார். நம் நாட்டின் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்ட நோய்களுள் ஆந்த்ராக்ஸ் ஒன்று. கம்பளி, உரோமம், தோல் ஆகியவற்றைக் கையாள்வோரைத் தொற்றுவது. பெரியமேட்டிலும் பல்லாவரத்திலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் வாணிகத்தில் தலைமுறைகளைக் கழித்த நம் சமூகத்தார் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். ஈய நஞ்சும் பாஸ்பரஸ் நஞ்சும் அவ்வாறே முதலில் சேர்ந்தன. பின்னர் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, மணல் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ், பஞ்சுத் தூசி நோய் முதலியனவும் சேர்க்கப்பட்டன. பிரஸ் ஓசையில் இருபது ஆண்டு நின்றவரின் காது மந்தமானால் அதை முதுமை என்று தள்ளுகிறோம். வார்ப்படப் பட்டறையில் உழைத்தவர் இருமினால் பீடியின் குற்றம் என்கிறோம். விரல் போவது கண்ணுக்குத் தெரிகிறது. மூச்சும் செவியும் போவது தெரிவதில்லை. ஆகையால் இந்நோய்களைக் கோருவோர் மிகச் சிலரே.

1923-ஆம் ஆண்டு முறையில் ஒரு குறை இருந்தது: தனியொரு முதலாளியிடம் போராடிப் பெறவேண்டும்; சிறு பட்டறைக்காரர் நொடித்துப்போனால் ஒன்றும் தேறாது. பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் வழி 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1955-இல் அது தமிழகத்துக்கு வந்தது. பலரும் செலுத்தும் நிதியிலிருந்து ஒருவரின் துயரைத் துடைக்கும் இம்முறை நமக்குப் புதிதன்று. தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய ஈட்டைக் குலத்தார் கூடிச் செலுத்தும் ஆகிலா முறை பழைய அரபகத்தில் இருந்தது. அப்பொறுப்பை உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் படைப்பதிவேட்டில் உடன்பதிந்தோர்மேல் அமைத்தார்கள் என ஹனபி அறிஞர்கள் கொள்கிறார்கள். இரத்த உறவு செய்ததைப் பணி உறவு செய்தது என்பதே அதன் பொருள்.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வேலைக்காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாள் வேலையிலேயே விபத்து நேரினும் உரிமை உண்டு. குணமாகும் வரை சராசரி ஊதியத்தில் நூற்றுக்கு 90 வீதம் கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால் அதன் விகிதத்துக்கேற்ப ஆயுள் முழுதும் தொகை வரும். நாளொன்றுக்கு 600 ரூபாய் ஊதியம் பெறுபவர் ஆள்காட்டி விரலை முழுதும் இழந்து, மருத்துவக் குழு 14 விகிதம் என மதிப்பிட்டால், 540 ரூபாயில் 14 விகிதமாக நாளுக்கு 75 ரூபாய் 60 காசு, 30 நாள் மாதத்துக்கு 2,268 ரூபாய் ஆகும். பெருந்தொகையன்று, ஆனால் கண்மூடும் வரை வருவது. பழைய நட்டஈட்டுச் சட்டம் 2010-இல் பணியாளர் நட்டஈட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. அதுவும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கின. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. உறுப்பு அட்டவணையும் நோய் அட்டவணையும் அதிலும் தொடர்கின்றன.

சட்டம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவம் விரலையே மீட்க முயன்றது. வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்காயச் சிகிச்சைக்கெனவே ஒரு மரபை வளர்த்தார். சாய்வாகத் துண்டான விரல் நுனியை, அதே விரலின் பக்கத்திலிருந்து முக்கோணமாகத் தசையை நகர்த்தி மூடும் முறையை அவரும் அவருடைய துணைவரும் 1980-இல் வெளியிட்டார்கள். இன்றும் உலகின் கை அறுவை நூல்களில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சென்னைத் தொழிலாளியின் வலியிலிருந்து உலகம் பெற்ற கல்வி அது.

இத்தனை இருந்தும் நடப்பதென்ன? விரல் போனவுடன் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தையலிட்டு, கையில் சில ஆயிரம் கொடுத்து, வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. விபத்துப் பதிவேட்டில் வரி விழாவிட்டால் பிற்காலத்தில் மெய்ப்பிப்பது அரிது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. ஆனால் அதை அறிந்தவர் சிலர். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தாலும் ஆலை முதலாளியிடம் ஈடு கோரலாம் என்பதை அறிந்தவர் இன்னும் சிலர். மொழி தெரியாத வடமாநிலத்து இளைஞர் எதை அறிவார்?

வேறொரு தடை நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. அல்லாஹ்வின் நாட்டம், போனது போயிற்று, கேட்டுப் பெறுவது மரியாதையன்று என்று கூறி, மகனின் உரிமையைக் கைவிடும் பெற்றோரைக் காண்கிறோம். நாட்டத்தை ஏற்பது ஈமானின் பகுதி, ஐயமில்லை. ஆனால் ஈட்டை வகுத்துத் தந்ததும் அதே மார்க்கமன்றோ? ஈடு என்பது ஸதகா அன்று, அது ஹக்கு. ஸதகாவை மறுப்பது தன்மானமாகலாம். ஹக்கை மறுப்பது, அதை நம்பி வாழவேண்டிய மனைவி மக்களுக்குச் செய்யும் அநீதியாகிவிடும்.

நம்மிடையே பட்டறை நடத்துவோரும் உளர். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த நபியின் உம்மத்தினர் நாம். வியர்வைக்கே அத்தனை விரைவு வேண்டுமெனில், இரத்தத்துக்கு எத்தனை விரைவு வேண்டும்! கவசத்தை மீண்டும் பொருத்துவதும், அனைவரையும் ஈ.எஸ்.ஐ.யில் பதிவதும், விபத்தை அன்றே எழுதுவதும் அவர்களின் கடமை. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை அமர்த்தி, விண்ணப்பம் எழுதித் தர ஜும்ஆ நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்துக்கும் இயலும். உமர் (ரலி) அவர்கள் ஒரு மடலைக் கண்டதும் தம் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். நாமும் நம் கணக்கைத் திருத்திக்கொள்ள இன்னும் காலம் கடந்துவிடவில்லை.