முன்பள்ளி மேற்பார்வை (மட்டக்களப்பு)

இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான முன்பள்ளிகளின் நிருவாகத்தை மேற்பார்வை செய்யும் அதிகாரம், 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாண சபைகளுக்கு உரியது. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், உள்ள முன்பள்ளிகளை கிழக்கு மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் கண்காணிக்கிறது. பதிவு, ஆசிரியர் பயிற்சி ஆகியவை அதன் முக்கிய பொறுப்புகள். மத்திய அரசின் சார்பில் சிறுவர் செயலகம் செயற்படுகிறது. பிரதேச செயலகங்களில் அதன் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பணிபுரிகின்றனர்.

மேற்பார்வை ஏடுகளைப் பார்ப்பதோடு முடிவதில்லை. கிணற்றுக்குக் கட்டும் மூடியும் உண்டா, கழிப்பறை சிறு பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றதா, வாவிப் பக்கம் வேலி உறுதியாக உள்ளதா என்பவற்றை நேரில் பார்த்தாலே பிள்ளையின் பாதுகாப்பு உறுதியாகும். சிறுவர் துன்புறுத்தல் குறித்த முறைப்பாடுகளை, 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை ஏற்கிறது.