எதிர்னே மருத்துவமனையின் இசைமேடை

இஸ்லாமிய நாகரிகம் கண்ட மருத்துவமனைகளைப் பற்றிப் பேசும்போது, அங்கே இசையால் நோய் தீர்த்தார்கள் என்று பெருமிதத்துடன் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அக்கூற்றைச் சான்றோடு நிறுத்துப் பார்ப்பது நலம்.

உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத், எதிர்னே நகரின் துன்ஜா ஆற்றங்கரையில் 1484இல் தொடங்கிய வளாகம் 1488இல் நிறைவுற்றது. பள்ளிவாசல், மருத்துவக் கல்விக்கூடம், ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம் ஆகியவற்றுடன் 'தாருஷ் ஷிஃபா' எனும் மருத்துவமனையும் அதில் இடம்பெற்றது. இவை அனைத்தையும் வக்ஃபு வருவாயே தாங்கிற்று. மருத்துவமனையின் நடுவே அறுகோண மண்டபம். குவிமாடத்தின் கீழ் நீரூற்று. சுற்றிலும் நோயாளர் அறைகள். ஒருபுறம் இசைவாணர்க்கான மேடை.

17ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பயணி எவ்லியா செலெபி, பத்து இசைவாணர்கள் வாரம் மும்முறை வந்து நோயாளர்க்கு இசைத்ததாகத் தம் பயணநூலில் எழுதுகிறார். அவர்களுள் மூவர் பாடகர். ஏனையோர் நாணற்குழல், ஊத் முதலிய கருவிகளை இசைப்போர். மனநோயாளர்க்கு மலர்களின் நறுமணமும் ஊட்டப்பட்டதாம்.

இத்தோடு நிறுத்திவிட்டால் வரலாற்றின் பாதியை மறைத்தவர்களாவோம். அதே கூரையின் கீழ்தான் தலைமை மருத்துவரும், கண் மருத்துவரும், அறுவை மருத்துவரும், மருந்தாளரும் வக்ஃபு ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தனர். இசை மருந்தின் இடத்தைக் கைப்பற்றவில்லை. மருந்துக்கு அருகே அமர்ந்தது.

அக்கால மருத்துவர் நம்பிய உடல்நீர்மக் கோட்பாடு இன்று கைவிடப்பட்டுவிட்டது. எனினும் அறுவை சிகிச்சைக்கு முன் கேட்கும் இசை நோயாளியின் பதற்றத்தைத் தணிக்கக்கூடும் என்று இக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. மறுபுறம், 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புற்றுநோயாளர் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். துணைச் சிகிச்சைகளை நாடியோருள் பலர் அறுவை, கீமோதெரபி போன்றவற்றில் சிலவற்றை மறுத்திருந்தனர். அவர்களது மரண அபாயம் ஏனையோரைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அம்மறுப்பே இதற்குக் காரணம் என்பதை அவ்வாய்வு உணர்த்துகிறது.

முன்னோரின் பெயரைச் சொல்லி மருத்துவரைக் கைவிடச் செய்வோர் நம்மிடையேயும் உள்ளனர். அவர்களுக்கு எதிர்னே சான்றாகாது. இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அம்மண்டபத்தின் அமைப்பே நமக்கு விடை கூறுகிறது: மேடை அங்கே இருந்தது, மருந்தறையும் இருந்தது. ஒன்றைத் திறப்பதற்காக மற்றொன்றை எவரும் பூட்டவில்லை.