தறியடியும் முன்பருவக் கல்வியும்: சின்னாளப்பட்டியில் பள்ளி ஆயத்தம் குறித்து

எல்.கே.ஜி.யில் சேர்க்கப்போகும் மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்று வீடுகளில் நடக்கும் தயாரிப்பு பெரும்பாலும் சிலேட்டோடும் நாலுவரி நோட்டோடும் முடிந்துவிடுகிறது. அகரவரிசை ஒப்பிக்க வேண்டும், ஆங்கில எழுத்து 26-ஐயும் சொல்ல வேண்டும், பென்சிலைப் பிடித்துப் புள்ளிகளை இணைக்க வேண்டும். இவற்றைச் செய்யும் பிள்ளை தயார். செய்யாத பிள்ளை மந்தம். இந்த அளவுகோல் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சேரும் பிள்ளை ஏற்கெனவே எதை அறிந்து வருகிறது என்பதைக் கண்டு, அதன் மேல் கட்டத் தெரிவதுதான் ஆயத்தம். அது முதலில் பிள்ளையைச் சேர்க்கும் நிலையத்தின் கடமை. இதைப் பேசச் சின்னாளப்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலையின் அடிவாரச் சமவெளியில் இருக்கும் இவ்வூர் சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்றது. நெசவுக் குடும்பத்தில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. தாய் தார் சுற்றுகிறாள், தந்தை தறியில் இருக்கிறார், பாட்டி நூல் பிரிக்கிறாள். பிள்ளை இவர்கள் நடுவே வளர்கிறது. முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடியின் பழைய முறையைப் பார்த்த பிள்ளைக்கு, சாயத்துக்கு முன் முடிச்சு, சாயத்துக்குப் பின் அவிழ்ப்பு, முடிச்சு இருந்த இடத்தில் வெள்ளைப்புள்ளி என்ற காரண காரியத் தொடர் கண்முன் நிற்கிறது. பாவு நீளவாக்கு, ஊடை குறுக்குவாக்கு. நிறத்தின் பெயர், கரை, உடல், முந்தானை என்ற பகுப்பு, ஒன்று விட்டு ஒன்று என்ற ஒழுங்கு ஆகியவை முன்பருவப் பாடத்திட்டங்கள் ‘கணித முன்திறன்’ என்று எழுதிவைத்திருப்பவையே. இவற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளையை, ‘பி’ எழுத்தைத் திருப்பி எழுதியதற்காக எதுவும் தெரியாதது என்று பதிவது நிலையத்தின் அறியாமை.

ஜெர்மனியில் 1837-இல் பிளாங்கன்பர்க்கில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிய ஃப்ரோபெல், அவர்களுக்குக் கொடுத்த முதல் விளையாட்டுப் பொருள் ஆறு நிறக் கம்பளி நூற்பந்துகள். அவர் வகுத்த கைவேலைகளில் காகிதக் கீற்றுகளை மேலும் கீழுமாகப் பின்னும் நெசவும் ஒன்று. மழலையர் பள்ளி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர் நூலையும் நெசவையுமே தேர்ந்தார். நெசவூரின் மழலையர் பள்ளியோ நூலை வாசலில் விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் எழுத்துகளை வாங்கி வைக்கிறது. இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

கையெழுத்து அவசரத்துக்கு உடற்கூறும் இடம் தருவதில்லை. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் பாதிக்கு மேற்பட்டவை மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கைக்கு வேண்டியது களிமண், மணல், நூல், புளியங்கொட்டை. நாலுவரிக் கோடு பிறகு வரட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பிள்ளையைத் தறியடியில் உட்காரவைத்து வேலை வாங்கலாம் என்று இவ்வாதத்தைத் திரித்துவிடக் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்ட இடைவெளியே கவலைக்குரியது. பிள்ளை தறியைப் பார்ப்பதும், கேட்பதும், அதைப் பற்றிப் பேசுவதும் கல்வி. கூலிக்கணக்கில் அதன் கை சேர்வது சுரண்டல்.

சின்னாளப்பட்டியை ஒட்டியே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1937-இல் வார்தாவில் முன்வைக்கப்பட்ட காந்தியின் ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவில் வைத்தது. 1945-இல் சேவாகிராமத்தில் கூடியவர்கள் அதைப் பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கும் விரித்தார்கள். அதே ஆண்டு தாராபாய் மோடக் பம்பாய் மாகாணத்தின் போர்டியில் கிராமப் பால்வாடியைத் தொடங்கினார். கையில் கிடைக்கும் விதை, இலை, கூழாங்கல் கொண்டே கற்பிக்கலாம் என்று அவரும் அனுதாய் வாக்கும் செய்து காட்டினார்கள். நெசவாளர் தெருவின் பால்வாடியில் தார்க்குழலும் வண்ண நூற்கழியும் வைப்பது ஆக, புதுமை அல்ல. நம் நாட்டு மரபின் தொடர்ச்சி.

அந்தத் தொடர்ச்சி அறுந்த இடத்தையும் சொல்ல வேண்டும். முன்பள்ளிப் பருவத்தை ஆராய அமைக்கப்பட்ட மினா சுவாமிநாதன் குழு 1972-இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-இன் சத்துணவுத் திட்டம் பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பசியைத் தீர்த்த பெருமை இத்திட்டங்களுக்கு என்றும் உண்டு. பசித்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. ஆனால் ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, பரிந்துரை, தாய்மாருக்கான அறிவுரை, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளையும் ஒரு பணியாளரிடம் ஏற்றியபோது, எடையும் உணவும் பதிவேட்டில் ஏறின. கதையும் பாட்டும் நேரம் மிஞ்சினால் மட்டுமே என்றாயின. ‘பால்வாடியில் சோறுதான் போடுவாங்க’ என்ற பேச்சு இந்த அமைப்பின் விளைவு. அதற்குப் பணியாளரைக் குறைசொல்வது நியாயமில்லை. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களின் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டதும் இந்தப் பேச்சை மாற்றத்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. கூலிக்கு நெய்யும் பெற்றோர், தம் பிள்ளை தறியை விட்டு வெளியேற வேண்டும் என்றே கடன் வாங்கி ஆங்கிலவழி எல்.கே.ஜி.க்கு அனுப்புகிறார்கள். அவர்களிடம் நூற்கழியைக் காட்டினால் ‘இதுக்கா பீஸ் கட்டுறோம்?’ என்று கேட்பார்கள். அந்த ஏக்கத்தை மதிக்கிறேன். எனினும் தெரிந்ததிலிருந்து தொடங்கும் பிள்ளையே தெரியாததை எட்டும். நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் குடும்பங்களில் கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாக இருப்பது வழக்கம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை, பாட்டியோடு ஒரு மொழி, தெருவில் தமிழ் என இரண்டைக் கையாள்கிறது. மூன்றாவதாக ஆங்கிலம் எழுத்தில் மட்டும் வந்து விழும்போது பிள்ளை வாயடைத்து நிற்கும். அந்த மௌனத்தையே ஆயத்தமின்மை என்கிறோம்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிக்கத் தடை விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் தரும் உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. 3 முதல் 6 வரையிலானவர்களுக்கு 11-ஆம் பிரிவு ‘அரசு ஏற்பாடு செய்யலாம்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. மிகச் சிறிய பிள்ளைக்குக் காப்பு மிகக் குறைவு.

வீடு செய்யவேண்டியது இதனால் இல்லாமல் போகவில்லை. ஒன்றுக்கு வந்தால் சொல்லத் தெரிவது, தானே அள்ளிச் சாப்பிடுவது, செருப்பை மாட்டிக்கொள்வது, அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள் என்று நம்புவது ஆகியவற்றுக்கே வீட்டின் உழைப்பு போக வேண்டும். கடைசியாகச் சொன்னது தறிவீட்டுப் பிள்ளைக்குக் கடினம். பிறந்ததுமுதல் தாயின் குரலுக்கும் தறியின் ஓசைக்கும் அப்பால் அது அதிகம் இருந்ததில்லை. முதல் வாரம் தாயோ பாட்டியோ நிலையத்தில் உடன் உட்கார அனுமதிப்பது செலவில்லாத சீர்திருத்தம்.

சேர்க்கைக்கு முன் ஆசிரியர் ஒருமுறை பிள்ளையின் வீட்டுக்குச் சென்று வரட்டும். பதிவேடுகளுக்கும் கல்விக்கும் தனித்தனிப் பணியாளரை அரசு ஒவ்வொரு அங்கன்வாடியிலும் அமர்த்தட்டும். பேரூராட்சியும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இவற்றை இந்தக் கல்வியாண்டிலேயே கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.